லேமினேட் போட்ட பக்கம்

கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டுக்கொள்ளும் ஒரு சிஸ்டம் உண்டு. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். அதன் தமிழ் வழிகாட்டிப் பக்கங்களோடு ஒண்டி ஆளாக மாரடிப்பது நான். சித்திரையிலும் ஐப்பசியிலும் புதுப் பதிப்பு வரும். வந்ததும் பட்டன்களெல்லாம் இடம் மாறிக் கிடக்கும், நான் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துவேன். சம்பளம் கிடையாது. இதை எவன் படிக்கான் என்று வீட்டில் கேட்பார்கள்.

படிப்பவர் ஒருவர் இருந்தார். குற்றாலத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர், என்னைவிட இளையவர். ஆடியில் ஒரு காலை போன் செய்தார். தென்காசி நண்பரிடம் புதுப் பதிப்பைப் பென்டிரைவில் வாங்கிவிட்டாராம், இப்போதே போடப் போகிறாராம். என் பக்கத்தை நெட்டில் பார்த்துச் செய்யச் சொன்னேன்.

"சீசன்ல நெட்டு எங்கக்கா கெடைக்கு? ஒங்க பக்கத்தப் போன வருசமே பிரிண்ட் எடுத்து லேமினேட் போட்டு வச்சிருக்கேம்லா. சாரல்ல பேப்பரு நமுத்துப்போவுது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பழைய பதிப்பில் இரண்டாவது பட்டன், உள்ளே இருப்பதைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் புதுப்பிக்கும். எந்தப் புண்ணியவானோ வரிசையை மாற்றிவிட்டான், இப்போது அதே பட்டன் மொத்தத்தையும் அழிக்கும். வந்த அன்றே பக்கத்தைத் திருத்திச் சிவப்பில் எச்சரிக்கையும் போட்டேன். பிளாஸ்டிக்குக்குள் இருக்கிற தாளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். லைன் போகவில்லை. வடகரையிலிருந்து ஸ்கூட்டியை விரட்டினேன். இலஞ்சி தாண்டியதும் அருவியில் குளிக்க வந்த கூட்டத்தின் வண்டிகள் அசையாமல் நின்றன. ஹாரனை அடித்து அடித்துக் கை வலித்தது. கரண்டாவது போய்த் தொலையட்டும் கடவுளே என்று வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டினேன். அன்றைக்கென்று போகவில்லை.

நான் போனபோது எல்லாம் முடிந்து, திரை புத்தம் புதிதாக இருந்தது. ஓர் அச்சன்புதூர்க் கல்யாணம் அதற்குள்தான் இருந்தது. ஆல்பம் போடவில்லை, கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார். பெண்ணுடைய அண்ணன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து, வீட்டார் மொத்தமும் சேர்ந்து நின்ற ஒரே படம் அதில்தான் இருந்தது. சாயங்காலம் வரை மீட்கப் பார்த்தேன். அந்தப் படத்தில் மேலே தோரணம் மட்டும் வந்தது. முகங்கள் இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறமாக நின்றது. அழுதுவிட்டேன்.

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். பேப்பரில் உள்ளபடிதான் செய்தேன் என்பதையே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று மறுவாரம் போனேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. எழுந்தபோதுதான் சுவரைக் கவனித்தேன். நான் திருத்திய பக்கம், சிவப்பு எச்சரிக்கையோடு, பளபளவென்று தொங்கியது.

"புதுசையும் லேமினேட் போட்டுட்டேன்க்கா. இனிமே பயமில்ல," என்றார்.

ஐப்பசியில் அடுத்த பதிப்பு வந்துவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.