கத்திக்கு முன் ஊசி

இடது முன்கையில் நர்ஸ் நீலப் பேனாவால் போட்டுவிட்டுப் போன வட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் துளி ஊசி குத்தி, அதைச் சுற்றிப் போட்ட வட்டம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்து தடித்து, வட்டத்தைத் தாண்டி அரிக்கத் தொடங்கியது.

சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. குழந்தையின் தலை திரும்பாததால் ஆபரேஷன் என்று முன்பே முடிவாகியிருந்தது. கீரப்பாளையத்து ஜோசியரிடம் நாளும் நேரமும் குறித்து வந்தவர் என் மாமனார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் குழந்தை பிறந்துவிட வேண்டும்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். டாக்டரம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "இந்த மருந்து ஆவாது. வேற வாங்கிட்டு வாங்க. அது ஒடம்புல ஏறினப்புறந்தான் கத்தி வைப்பேன். இல்லன்னா புண்ணு சீழ் வெச்சாலும் வெச்சிடும்" என்றார்.

"மொதல்ல கொழந்தைய எடுத்துடுங்கம்மா. ஊசிய அப்புறம் எவ்ளோ வேணாலும் போட்டுக்குங்க" என்றார் மாமனார். கெஞ்சும் குரல் இல்லை அது. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா எதிரில் அவருக்குப் பேச்சு வராது. டாக்டரம்மா தயங்கினார். வெட்டப்போவது என் வயிறு, பேசுவது மற்றவர்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது.

கிள்ளையிலிருந்து வந்திருந்த நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அப்பா பக்கம்தான் பேசுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆட்கள் நடமாடும் அந்த இடத்தில், பெற்ற அப்பாவின் முன்னால், அவள் கொசுவத்தைத் தளர்த்தி அடிவயிற்றைக் காட்டினாள். தையல் பிரிந்து, புரையோடி ஆறிய இடம். சதை சுருங்கி உள்வாங்கியிருந்தது.

"எனக்குக் காய்ச்சல்னுதான உங்கிட்ட சொன்னாங்க? பாருப்பா. பெத்த புள்ளைய மடியில போட்டுப் பால் குடுக்க முடியாமக் கெடந்தேன்."

மாமனார் பார்த்தார். பிறகு நர்ஸ் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் தெருவில் இறங்கி ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

மகள் பிறந்தது நட்டநடு ராகுகாலத்தில். இப்போது காலேஜ் போகிறாள். நாத்தனாரோடு எனக்கு இன்றும் எதற்கெடுத்தாலும் சண்டைதான். ஆனால் தையல் பிரித்த அன்று என்னோடு வந்தவள் அவள்தான். நர்ஸ் கட்டை எடுத்ததும் குனிந்து, தொடாமல், வெகுநேரம் பார்த்தாள்.

"காஞ்சிடுச்சி" என்றாள். சொல்லிவிட்டு, தன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள்.