கடல் கொண்டுபோன நாலு சாட்சிகள்

வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கோட்டுக் கடுதாசி வந்தது யுத்தம் முடிஞ்ச வருஷம். என்ட மாப்பிள்ளை, பிள்ளையள்ட வாப்பா, மௌத்தாகி, நான் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ள இத்தா இருந்து முடிச்சு ஒரு மாதமும் ஆகல்ல. வழக்குப் போட்டது வேற ஆளில்லை, அவர்ட தம்பி, என்ட மச்சான்.

சகோதரிகளே, சாய்ந்தமருதில கடலோரம் இருந்த எங்கட பழைய வீடு, என்ட வாப்பா நிக்காஹ்வுக்குத் தந்தது. சுனாமி அந்த வீட்டையும் உறுதிப் பத்திரத்தையும் கொண்டுபோச்சு. வாப்பா, உம்மா, மாமாமார் ரெண்டு பேர், வீடு தந்ததைக் கண்ட நாலு பேரையும் கொண்டுபோச்சு. பிறகு அதுக்குப் பதிலா அரசாங்கத்தால வேற இடத்தில வீடு குடுத்தாங்க. விண்ணப்பத்தில குடும்பத் தலைவர் யாரெண்டு கேட்டாங்க. "ஆம்பிளை இருக்கக்குள்ள என்ட பேர் என்னத்துக்கு" எண்டு நானேதான் அவர்ட பேரைப் போடச் சொன்னன். தன் கையால தன் கண்ணைக் குத்தின கதை.

"வீடு என்ட கூடப்பிறந்த காக்காட பேர்லதான் இருக்கு. ஆம்பிளைப் பிள்ளை இல்லாததால எனக்கும் பங்கு வரும், வித்துப் பிரிப்பம்" எண்டார் மச்சான். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம். வீடில்லாட்டி எங்கட ஊர்ல யார் பொண்ணெடுப்பாங்க?

அப்பதான் எங்கட கோட்டுக்கு முதல்முதலா ஒரு பொம்பிளை நீதிபதி வந்திருந்தா. "பெட்டைக்கோழி கூவியா விடியப்போகுது" எண்டு சந்தையில சிரிச்சாங்க. எனக்கும் நம்பிக்கை இருக்கல்ல. என்ட லோயர், "ராத்தா, ஒரு சாட்சியாவது கொண்டுவாங்க" எண்டார். "கடலுக்கிட்டயா கேக்க?" எண்டன். விடியக்காலை சுபஹு தொழுத பாயிலேயே கிடப்பன். "யா அல்லாஹ், ஒரேயொரு சாட்சி." வேற துஆ வாயில வரல்ல.

விசாரணை நாளில மச்சான் கூண்டில ஏறினார். பேரும் பத்திரமும் எல்லாம் அவர் பக்கம். நான் முந்தானையால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். முடியிற நேரம் நீதிபதி அம்மா பேனையை வச்சிட்டு, ஊர்க்கதை கதைக்கிற மாதிரிக் கேட்டா.

"நீங்க இருக்கிற வீடு யார்ட?"

"பொஞ்சாதிட."

"உங்களுக்கெண்டு வீடில்லையா?"

"எங்கட ஊர்ல ஆம்பிளைதான் பொம்பிளைட வீட்டுக்குப் போறது, அம்மா. அதுதான் வழக்கம்." பெருமையாத்தான் சொன்னார். பின்னால ஆக்கள் சிரிச்சாங்க.

"உங்கட காக்கா கல்யாணம் முடிச்சு எங்க போனார்?"

மச்சான் என்னைப் பார்த்தார்.

"இவட வீட்டுக்கு."

"அதை யார் குடுத்தது?"

"இவட வாப்பா." தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னார்: "நானும் போனன். சாமான் தூக்கினது நான்தான்."

அந்த வீட்டுக்குப் பதிலா வந்ததுதான் இந்த வீடு, அதால இது எனக்குரியது எண்டு தீர்ப்பு வந்தது. நீதிபதி அம்மா பிறகு பெரிய கோட்டுக்கு உயர்ந்து போனாவாம். என்னை அவவுக்கு நினைவிருக்காது. என்ட துஆவில அவ இருக்கிறா. மச்சானும் இருக்கிறார். அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல்ல.

ஆக்களுக்கு முன்னால வாய் திறக்காத நான், இப்ப கோட்டுக்குப் போற பொம்பிளையளோட துணைக்குப் போறன். அவங்களுக்கும் உங்களுக்கும் நான் சொல்லுறது இவ்வளவுதான்: அல்லாஹ்விடம் கேளுங்க. எந்த வாசலால தரவேணும் எண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிக்குடுக்காதீங்க.