பந்திக்கு ஆள் அனுப்பும் பாட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. என் வீட்டுக்காரரையும் சேர்த்தால் ஏழு. அவர்தான் கடைசி வரைக்கும் வளரவேயில்லை. மலைக்குக் கீழே ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டினார், அதற்குத் தன் அம்மா பெயரை வைத்தார், இனி தனக்கு வேலை இல்லை என்பதுபோலப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து மண்டபம் என் கையில். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும். மண்டபம் நடத்த அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள்.

எங்கள் திருத்தணியில் தாலி கட்டுவது மலைமேல், முருகன் கோயிலில். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன் கீழே, என் மண்டபத்தில். பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று நின்று கால் வீங்கிப்போகும் அந்த நேரத்தில், பக்கத்தில் ஒரு சின்ன மேடையில் பாட்டு, மேஜிக், மிமிக்ரி என்று ஏதாவது நடக்கும். அதற்கு ஆள் பிடிப்பது என் பொறுப்பு.

எல்லோரும் வித்தைக்காரனைப் பார்த்துத்தான் எடை போடுவார்கள். நான் மேடைப் பக்கம் திரும்புவதே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நாற்காலி போட்டு, கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு பந்திக்கு நூற்றைம்பது இலை. நிகழ்ச்சி ரொம்ப நன்றாக இருந்தால் ஒருவரும் எழுந்து வர மாட்டார்கள்; சாம்பார் ஆறிப்போகும். ரொம்ப மோசமாக இருந்தால் மொத்தக் கூட்டமும் ஒரேயடியாக வந்து, சாப்பிடுகிறவர்களின் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, இவன் எப்போது மோர் ஊற்றிக்கொள்வான் என்று நிற்கும். எனக்கு வேண்டியது இரண்டும் இல்லை. வரிசை வரிசையாக, சண்டையில்லாமல், பசியை இப்போதுதான் உணர்ந்தவர்கள்போல எழுந்து வர வேண்டும்.

அப்படிப்பட்ட வித்தைக்காரர் எளிதில் கிடைப்பதில்லை. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு மிமிக்ரிக்காரர், தமிழ் நடிகர்கள் பேசுவதுபோல விதவிதமாகப் பேசினார். நகரிப் பக்கத்துத் தெலுங்குக் கூட்டம் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து வெந்நீர் கொடுத்தனுப்பியது. மேஜிக்காரர் ஒருவர் புறாவைப் பறக்க விட்டார்; அது உத்தரத்தில் போய் உட்கார்ந்து, அடுத்தடுத்து மூன்று கல்யாணங்களை மேலிருந்து ஆசீர்வாதம் செய்தது. கரடி வேஷம் கட்டியவரைக் கண்டு குழந்தைகள் அழவில்லை, மாப்பிள்ளையின் தாத்தா அழுதார்.

கடைசியில் அமைந்தவர் அரக்கோணத்துப் பாட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர், செல்போனில் மியூசிக், கழுத்தில் சால்வை. குரல் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்கிறவர்களுக்கு இரண்டாவது சரணத்தில் லேசாக வயிற்றில் ஒன்று தோன்றும். முன்வரிசை எழுந்திருக்கும். அடுத்த பாட்டில் இரண்டாவது வரிசை. கடிகாரம் வைத்ததுபோல. ஏழு வருஷமாக வேறு யாரையும் நான் தேடவில்லை. காரணத்தை அவரிடம் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை.

போன தை மாதம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பொதட்டூர்பேட்டை மாப்பிள்ளை, நகரிப் பெண், அவர்கள் ரிசப்ஷன். காபி குடிக்கிற இடத்தில் என் சமையல்காரர், நல்ல மனுஷர்தான், வாய்க்கு மட்டும் மூடி கிடையாது, பாட்டுக்காரர் முதுகில் தட்டி, நீ பாடினால் ஆள் எழுந்து வருவதால்தான் என் சாம்பார் சூடாகப் போகிறது என்று பாராட்டியிருக்கிறார். பாட்டுக்காரர் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு நேராக என் நாற்காலிக்கு வந்தார்.

"அப்போ எனக்குப் பாட்டு வராதுன்னுதான் இத்தினி வருசமா கூப்புடுறீங்களாம்மா?"

"யார் சொன்னது? பாட்டு வருது. ஆளுங்க எழுந்து போறாங்க. எனக்கு ரெண்டும் வேணும் நைனா."

அவர் சிரிக்கவில்லை. வீட்டில் பெண்டாட்டியிடம், திருத்தணி மண்டபத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறாராம். அது உண்மைதானே என்றேன். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இனி இந்த மண்டபத்தில் வாய் திறப்பதில்லை என்று ஸ்பீக்கரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அவர் போய்விட்டால் இந்தத் திருத்தணி முழுக்கத் தேடினாலும் அவ்வளவு அளவாக எழுப்பிவிடும் குரல் கிடைக்காது. ஆனால் வெளியே காட்டிக்கொள்வேனா? போவதென்றால் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று தூணோரம் உட்கார்ந்தார். ஆட்டோ கிடைக்கவில்லை. அன்றைக்குக் கிருத்திகை, ஊரே காவடி.

அந்தக் காவடிக் கூட்டத்தில்தான் எங்கள் வாழையிலை வண்டியும் மாட்டிக்கொண்டது. சாதம் வடித்தாயிற்று, வடை பொரித்தாயிற்று, இலை இல்லை. பேப்பர் இலையில் போட்டால் சம்பந்தி சண்டை வரும் என்று இரண்டு வீட்டாரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்துக் கதவைச் சாத்தினேன். பெண் வீட்டார் கூட்டி வந்த மேஜிக்காரரும் முடித்துக்கொண்டு போயிருந்தார். கூட்டம் கதவைப் பார்க்க ஆரம்பித்தது. வெட்கத்தை விட்டுப் பாட்டுக்காரரிடம் போனேன். கொஞ்ச நேரம் இவங்களை உட்கார வையப்பா என்றேன்.

"நான் விரட்டுற ஆளும்மா. உக்கார வெக்கிற ஆளைக் கூப்புடுங்க."

சரி என்று நானே மேடை ஏறினேன். மைக் ஒரு கத்து கத்தியது. நான் அதைவிடப் பெரிதாக ஒரு அதட்டுப் போட்டேன். கூட்டம் சிரித்தது. புறா கதையைச் சொன்னேன். வெந்நீர் கதையைத் தெலுங்கில் சொன்னேன். நகரிக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். கரடியையும் தாத்தாவையும் நடித்தே காட்டினேன். என் வீட்டுக்காரரைப் பற்றியும் இரண்டு சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

இலை வந்தது. சமையல்காரர் கதவைத் திறந்து கையாட்டினார். ஒருவரும் எழவில்லை. போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சாதம் ஆறுகிறது என்றேன். கைதட்டினார்கள். இறங்கப் போனால் ஒரு பெரியம்மா என் முந்தானையைப் பிடித்து, இன்னும் ஒன்று சொல்லு அக்கா என்கிறாள். சமையல்காரர் கரண்டியோடு வாசலில் நிற்கிறார், முகம் அடுப்பைவிடச் சிவப்பு.

தூணோரம் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது.

பாட்டுக்காரர் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்து, என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முதல் சரணத்தில் சிரிப்பு அடங்கியது. இரண்டாவதில் முன்வரிசை எழுந்தது. இந்தத் தடவை அவரும் கூட்டத்தைத்தான் பார்த்தார். கதவோரம் நெருக்கடி வந்தபோது குரலைக் கொஞ்சம் இழுத்து நன்றாகப் பாடினார். எழப்போன மூன்றாவது வரிசை உட்கார்ந்தது. பந்தி கலைந்ததும் மறுபடி பழைய குரலை விட்டார், அந்த வரிசை எழுந்தது. ஏழு வருஷத்தில் நான் பார்க்காத வேலை அது.

கடைசிப் பந்தி உட்கார்ந்த பிறகு என் நாற்காலிக்கு வந்தார்.

"பாத்துக்கினுதான் இருந்தேன். ஒருத்தர்கூட எழுந்துக்கல. உங்களை அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்புட முடியாதும்மா."

"ஆங், சரிதான். நீ வருவியா?"

"எனக்கு மொதல்ல எலை போடணும். பந்திக்கு முன்னாடி. சூடா."

மேடைக்காரர்களுக்குக் கடைசிப் பந்தியில் மிச்சத்தைப் போடுவதுதான் எல்லா மண்டபத்திலும் வழக்கம். என்னுடையதிலும் அதுதான். நான் சமையல்காரரைப் பார்த்தேன். அவர் மேலே உத்தரத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன்.

இப்போது முதல் இலை பாட்டுக்காரருக்கு. இரண்டு வடை, பாயசம், எல்லாம் சுடச்சுட. வயிறு நிறைந்த பிறகு அவர் பாடுவது முன்னைவிட மோசம். கூட்டம் அதிகமுள்ள நாட்களில் சமையல்காரர் தானே வந்து அவருக்குப் பரிமாறுகிறார்.

எழுதினது போதும்மா, பேனாவை வை. முதலிலிருந்து சத்தமாகப் படி. உன் அம்மாவையும் இங்கே வந்து உட்காரச் சொல். நீ பாட்டுக்குப் படி. அவள் எந்த இடத்தில் எழுந்து அடுக்களைக்குப் போகிறாள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.