கள்ளக்காற்று குடித்த கார்

போன வாரம் தம்பி மகனின் பழைய காரில் தக்கலைக்குப் போனேன். திரும்பி வரும்போது வண்டி விக்கல் எடுத்ததுபோல் குலுங்கிக் குலுங்கி ஒரு பட்டறை வாசலில் நின்றுவிட்டது. மெக்கானிக் இஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "இஞ்சினுக்குக் காத்து போற குழலு, மேனிபோல்டு, லீக்காக்கும். காத்து இழுக்கு" என்றார். பின்னிருக்கையிலிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தம்பி மகன் திரும்பி, அத்தைக்கு இதில் என்ன தெரியும் என்பதுபோல் பார்த்தான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இஞ்சினில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் அந்த ஒரு வியாதியை மட்டும் நன்றாகத் தெரியும். அது வந்தால் என்ன ஆகும் என்பதும், யாரால் வந்தது என்பதும் தெரியும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர்கள் இன்னும் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த காலம். மருத்துவச்சிப் படிப்பை முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். நெல் விளைகிற ஊரில் பிறந்த சைவ வீட்டுப் பெண், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காரில் ஊர் ஊராகப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். காரில் போவது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கார், ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மாவின் அப்பா வாங்கியது. கறுப்பு நிறம், வயசானது. அதை ஓட்டியவர் மிக்கேல் அண்ணன். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் கடற்கரையில் அவர் வீடு. தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிற குடும்பம். இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டும். "கடலு என்னயத் துப்பிப் போட்டுது பிள்ள, அதான் ரோட்டுல கெடக்கேன்" என்பார். மற்றபடி அதிகம் பேசமாட்டார்.

வண்டி எந்த நாளில் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று நோட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு. அந்த அதிகாரம் என் தலைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒருநாள் மிக்கேல் அண்ணன் வந்து, "இஞ்சினுக்குள்ள உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குது. கார்புரேட்டர்லேருந்து இஞ்சினுக்குப் போற குழலுக்க பேக்கிங் போயிருக்கு. ஒரு நாளு வண்டிய நிப்பாட்டணும்" என்றார். நோட்டைப் புரட்டிக் காட்டினேன். "பாருங்க அண்ணே, ஒரு நாளாவது காலி இருக்கா?" இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி நோட்டைக் காட்டினேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் குலசேகரத்திலிருந்து ஆள் வந்தது. ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிற ராசையனின் மனைவி ரோசம்மைக்குத் தலைப்பிரசவம், இரண்டு நாளாக வலி. டாக்டரம்மாவுக்கு வேறு அறுவை இருந்தது. "போய்க் கூட்டீட்டு வந்துரு" என்று என்னை அனுப்பினார்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் வாடை எனக்கு இன்றும் பிடிக்காது. அன்று காலை அந்த வாடைக்கு நடுவில்தான் ரோசம்மையைப் பார்த்தேன். பத்தொன்பது வயதிருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை தன் முதுகைத் தாயின் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தது, தலை முழுதாக இறங்கவில்லை. ஆயுதம் போட்டுத்தான் எடுக்கவேண்டும். அவளைப் பின்னிருக்கையில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ராசையன் முன்னால் உட்கார்ந்தான்.

திருவட்டாறு தாண்டியதும் ஒரு ஏற்றம். அதில் ஏறும்போதே வண்டி இருமியது. பாதி ஏற்றத்தில் இஞ்சின் படபடவென்று அடித்து ஓய்ந்தது. மிக்கேல் அண்ணன் வண்டியைப் பின்னுக்கு உருட்டி ஒரு அயனிப் பலா நிழலில் நிறுத்தினார். மூடியைத் தூக்கி, மறுபடி ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை இஞ்சினின் மூட்டு மூட்டாக நகர்த்தினார். பின்னால் நான், குழந்தையின் துடிப்புக் கேட்கும் என் மரக்குழலை ரோசம்மையின் வயிற்றில் ஊன்றிக் காதை வைத்திருந்தேன். ராசையன் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னவாக்கும் அண்ணே?" என்றேன்.

"கள்ளக்காத்து குடிக்குது" என்றார். அளந்து போகவேண்டிய காற்றோடு, பொத்தல் வழியாகக் கணக்கில்லாத காற்றும் ஏறுகிறது. பெட்ரோல் போதாமல் இஞ்சின் மூச்சு முட்டுகிறது. இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்.

நான் மறுபடி மரக்குழலில் காதை வைத்தேன். ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் துடிப்பு மந்தமாகி, பிறகு மெல்ல மேலேறியது. அப்படி மேலேறப் பிடிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே வந்தது.

ஒரு பஸ் வந்தது. படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கிடத்த இடமில்லை. மாட்டுவண்டி தேடப் போகிறேன் என்று கிளம்பிய ராசையனை மிக்கேல் அண்ணன்தான் நிறுத்தினார். "போவாண்டாம் மக்கா. மாட்டுவண்டி தக்கலை போய்ச் சேர உச்ச கழிஞ்சிரும். வண்டிய நான் எடுத்துத் தாறேன்."

இஞ்சின் குழல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறாமல் கழற்ற முடியாது. எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றப் போனேன். பாய்ந்து என் கையைப் பிடித்தார். "ஊத்தாத பிள்ள! வார்ப்பிரும்பு விண்டு போவும். அப்பொறம் ஒண்ணும் செய்ய முடியாது." அந்தத் தண்ணீரை ரோசம்மைக்குக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தாள். "சிஸ்டரே, பிள்ள இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். "எனக்கும் கேக்கணும்" என்றாள். மரக்குழலில் தாய்க்குக் கேட்க வழியில்லை. அவள் விரலை என் மணிக்கட்டில் வைத்து, கேட்கக் கேட்கக் குழந்தையின் துடிப்பைத் தாளமாக என் விரலை அசைத்துக் காட்டினேன். மந்தமாகும்போதும் நான் வேகமாகவே அசைத்தேன்.

கொஞ்சம் ஆறியதும் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நட்டுகளைக் கழற்றினார். குழலை இழுத்து எடுத்தார். காற்றுப் புகாமல் இடையில் வைக்கிற பேக்கிங் அட்டை ஒரு ஓரத்தில் தீய்ந்து காணாமல் போயிருந்தது.

"நல்ல கெட்டி அட்ட வேணும்" என்றார். என் பையில் இருந்தது பிரசவப் பதிவேடு. அதன் மேலட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். குழலின் கரிபிடித்த முகத்தில் அட்டையை வைத்து அழுத்த, துளைகளின் வடிவம் கறுப்பாகப் பதிந்தது. கத்திரி கேட்டார். தொப்புள்கொடி வெட்டவென்று கொதிக்கவைத்துச் சுற்றியிருந்த கத்திரியை எடுத்தவள், சட்டென்று உள்ளே வைத்துவிட்டுக் கட்டுத்துணி வெட்டும் கத்திரியைக் கொடுத்தேன். அந்த நிலையிலும் அவர் சிரித்தார்.

"வெளக்கெண்ணெ இருக்கா?"

மருத்துவச்சிப் பையில் விளக்கெண்ணெய் இல்லாமலா. "தேங்காண்ணெ பெட்ரோல்ல கரைஞ்சிரும். இது கரையாது" என்று சொல்லி அட்டை முழுக்கத் தடவினார். குழலைப் பொருத்தி நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஒரு பக்கமே இறுக்கினால் அட்டை நசுங்கிவிடுமாம். அவர் அப்படி நிதானமாக முறுக்கியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இஞ்சின் எழுந்தது. முதலில் ஒரு தும்மல், பிறகு ஒரே சீரான சத்தம். குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். உஸ் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். அரை மணி நேரத்தில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். பெண். அழவில்லை. முதுகைத் தேய்த்தோம், காலைச் சுண்டினோம். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்த பிறகு, பூனைக்குட்டிபோல ஒரு சத்தம். அடுத்தது பெரிய அழுகை. வெளியே ராசையன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு விம்மினான்.

கை கழுவிக்கொண்டு வெளியே வந்த டாக்டரம்மா கேட்டார். "ஏன் இவ்வளவு நேரம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிக்கேல் அண்ணன் சொன்னார்: "வண்டிய நான் நோக்காம விட்டுட்டேன். எனக்க தெற்றாக்கும்."

டாக்டரம்மா அவரைத் திட்டினார். சாதாரணத் திட்டு அல்ல. ஒரு உயிர், இல்லை, இரண்டு உயிர் என்று சொல்லித் திட்டினார். அவர் தலைகுனிந்து நின்றார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நிற்பு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவர் கடையில் வாங்கிய புதுப் பேக்கிங்கைப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "ஏன் அண்ணே அப்பிடிச் சொன்னிய?"

"நீ வந்து நாலு மாசம்தான ஆவுது. எனக்க வேல போவாது. ஒனக்க வேல போயிரும். போனா ஒன்னய வீட்டுல பிடிச்சி வச்சிருவாவ இல்லா?"

உண்மைதான். என் அப்பா அப்படி ஒரு காரணத்துக்குத்தான் காத்திருந்தார்.

மதியம் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துப் புதன்கிழமைகளை எல்லாம் அடித்தார். "இனி புதன்கிழமை வண்டி எங்கயும் போவாது. மிக்கேலக் கூப்பிடு. நான் அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." என்ன சொன்னார் என்று இருவருமே எனக்குச் சொன்னதில்லை. நான் அங்கே முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன்.

சில வருடங்களில் ஆஸ்பத்திரிக்கு வேன் வந்தது. காரைப் பிரித்து விற்றுவிட்டார்கள். இஞ்சினை மட்டும் ஒரு விவசாயி வாங்கி, மரச்சட்டத்தில் பூட்டி, குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைத்தார். ஒருநாள் வேனில் அந்த வழியாகப் போனபோது மிக்கேல் அண்ணன் வண்டியை நிறுத்தினார். இருவரும் வரப்பில் நடந்து போனோம். நாற்றுக்கு நடுவே அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்டார். "கேட்டியா பிள்ள, நல்லாத்தான் ஓடுது" என்றார். எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்று தெரியவில்லை. சேலைக் கரையெல்லாம் சேறு.

மிக்கேல் அண்ணன் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அந்த வயலில் வீடுகள் வந்துவிட்டன. குளம் இருந்த இடத்தில் பஸ் நிலையம். அந்தப் பக்கம் போனால் இறங்கி நின்று பார்ப்பேன். எந்த இடத்தில் அந்த இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்று இப்போது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.