பர்வீன் அனுப்பிய ஒற்றை வரி

இந்த ஜெர்மன் ஊரில் கடுங்குளிரிலும் மணிக்கு ஒருமுறை ஜன்னலை அகலத் திறந்துவிடுவார்கள். 'லுஃப்டன்' என்று அதற்கொரு பெயர். வெளியே பனி கொட்டும்; பக்கத்து மேசை யோஹானா நிம்மதியாக மூச்சிழுப்பாள், நான் மேல்கோட்டைத் தேடி ஓடுவேன். போன மாதம் அப்படித் திறந்த ஒரு காலையில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பர்வீனின் மின்னஞ்சல் வந்தது. படித்ததும் குளிர் தெரியவில்லை. வயிறு எரிந்தது.

கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில், வலையில் வரும் தகவல் பாக்கெட்டுகளை வாங்கிப் பிரிக்கும் பகுதி என் பொறுப்பு. பாக்கெட் தன் நீளத்தைத் தானே சொல்லும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்து வீட்டில் உட்கார்ந்து நான் எழுதிய நிரல் அந்தப் பேச்சை அப்படியே நம்பியிருந்தது. படி அரிசி கொள்ளும் பானையில் மூட்டையைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? நினைவகத்தில் அடுத்த இடமெல்லாம் பாழாகும், வெளியாள் உள்ளே புகலாம். அந்த நிரலைப் பார்த்துத்தான் இங்கே எனக்கு வேலை கொடுத்தார்கள்.

பர்வீனைப் போனில் கூப்பிட்டேன். "பட்டுக்கடை ரௌட்டர் அடிக்கடி செத்துக்கினு இருந்துச்சுடி செல்வி. நோண்டிப் பாத்தா அதுக்குள்ள ஓடுறது உன் ப்ரோக்ராம், தப்பும் அதுலதான். வெளிய யாராண்டயும் சொல்லல. ஒரே வரிதான், சரிபண்ணி அனுப்பிருக்கேன், பாரு."

கல்லூரியில் எப்போதும் அவள் முதல், நான் இரண்டாவது. எனக்கு விசா வந்தபோது, "எனக்கு ஊரே போதும்டி" என்றாள். கடைகளுக்கு கேமராவும் வைஃபையும் மாட்டித் தரும் தொழில் தொடங்கினாள். போதும் என்று சொல்ல முடிந்த அவள்மீது அன்றைக்கே எனக்குப் பொறாமை. இப்போது ரௌட்டர் ரிப்பேருக்கு நடுவில் என் ஓட்டையையும் அடைத்துவிட்டாளாம்.

நான் செய்தது அசிங்கம். அவளிடம் சொல்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்து, நாற்பது வரியில் என் பெயரில் ஒரு திருத்தம் எழுதினேன். அவளுக்குக் கண்டுபிடித்தவள் என்று ஒரு நன்றி போதும் என்று நினைத்தேன். சரிபார்த்த யோஹானா, "இரண்டு நீளங்களைக் கூட்டுகிறாய். எண் ரொம்பப் பெரிதானால் வண்டி மீட்டர் போலச் சுற்றிக்கொண்டு மறுபடி சிறிதாகிவிடும். ஓட்டை அப்படியே இருக்கிறது" என்றாள். பிறகு மின்னஞ்சலில் இருந்த பர்வீனின் வரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் கூட்டலே இல்லை, கழித்திருந்தாள்.

"நிஷ்ட் ஷ்லெஷ்ட்" என்றாள் யோஹானா. மோசமில்லை என்று அர்த்தம்.

"அப்போ வேண்டாமா?" என்றேன் ஆசையோடு.

அவள் விழித்தாள். "இதைத்தான் சேர்க்க வேண்டும்."

இவர்கள் வாயில் அதற்குமேல் புகழ்ச்சி வராது. ஆறு வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட அது கிடைத்ததில்லை.

பர்வீனிடம் ஒப்புக்கொண்டேன். "என் பேர்ல போடப் பாத்தேன்டி."

"தெரியும். ரெண்டு நாளா பதிலே இல்லியே. எனக்கா இருந்தாலும் வயிறு எரிஞ்சிருக்கும். மொதல்ல போடும்மா, ஊர் ஒலகமே தொறந்து கெடக்குது."

அவள் வரியைச் சேர்த்தேன். நிரல் மாற்றங்களின் பதிவேட்டில் எழுதியவர் பர்வீன், நேரம் +0530, அதாவது இந்திய நேரம். சேர்த்தவள் நான், ஜெர்மன் நேரம் +0100. எந்தப் பழைய நிரலைத் திருத்துகிறது என்றும் அதில் எழுத வேண்டும். அந்தப் பழைய நிரலின் பதிவைத் திறந்தேன். என் பெயர், +0530.

பொறாமை இன்னும் அடங்கவில்லை. பர்வீன்மீதா, ஊரில் உட்கார்ந்து தப்பாக எழுதிக்கொண்டிருந்த அந்தச் செல்விமீதா என்றுதான் தெரியவில்லை.