அனுப்பாமல் விட்ட விண்ணப்பம்

மட்டாஞ்சேரியில் சிறிய கம்ப்யூட்டர் கடை வைத்துக் கல்லூரி விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறேன். ஹோட்டலில் பாத்திரம் கழுவும் செல்வி, மகள் கவிதாவின் நர்சிங் படிப்புக்காக என்னை நம்பி வந்தார். எல்லாவற்றையும் நிரப்பிய நான், கடைசியில் சமர்ப்பிக்க மறந்துவிட்டேன். கெடு முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

சேர்க்கைப் பட்டியல் வந்த அன்று தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள்.

"சேட்டா, எம் பொண்ணு பேரு இருக்கா?"

"மார்க் போதலை அக்கா" என்றேன்.

செல்வி மகளிடம் திரும்பினார். "விழுந்து விழுந்து படிச்சேன்னியேடி, எல்லாம் பொய்யா?"

"சத்தியமா படிச்சேன்மா" என்று கவிதா அழுதாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் மிளகாய் பொறுக்குகிறாள். சென்ற வாரம் வழியில் பார்த்தேன். "எனக்குத்தான் படிப்பு ஏறல. தங்கச்சிக்கும் நீங்கதான் சேட்டா அப்ளிகேஷன் போட்டுத் தரணும்" என்றாள்.

சரி என்றேன். உண்மையைச் சொல்ல அன்றும் எனக்கு வாய் வரவில்லை.