சொட்டு மருந்தும் திருத்தணி மலையும்

ஆடிக் கிருத்திகை. விடிகாலையில் சென்னையில் ரயில் ஏறினோம், நானும் பாவாவும். பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். பொதட்டூர்பேட்டையில் தறி நெய்கிறவர். போன வருஷம் அவருடைய ஒரே பையன் ஏரியில் மூழ்கிச் செத்தான். அன்றிலிருந்து தினம் விளக்கு வைக்கும் நேரத்தில், "பையன் வந்துட்டானா?" என்பார். அக்கா அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் எல்.எஸ்.டி. என்று ஒரு வெளிநாட்டு மருந்து கொடுத்தார்கள். தண்ணீரில் சில சொட்டு. உள்ளே அடைத்துக் கிடப்பது வெளியே வரும் என்றார் டாக்டர். பகல் முழுக்க பாவா அழுதார், சிரித்தார், சுவரில் தறிப் பாவு நூல் ஓடுகிறது என்றார். நர்ஸம்மா அவர் கையை விடவே இல்லை. மறுநாள் எழுந்து, "பையன் வந்துட்டானா?" என்றார்.

ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, கூட்டம், சத்தம் ஆகாது, எப்படி இருக்கிறார் என்று அடுத்த மாசம் வந்து சொல் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஊரிலிருந்த அக்காவோ, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மலைக்குப் போய் பாவாவுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாள். அரக்கோணத்தில் வண்டி மாறினோம். திருத்தணி எட்டு மைல். அதற்குள் மலையா, ஊருக்குப் பஸ்ஸா என்று எனக்கு முடிவு வரவில்லை.

ஸ்டேஷனில் ஜட்கா, ஆளுக்கு நாலணா.

"மலைக்கா, பஸ்ஸுக்கா?" என்றார் வண்டிக்காரர்.

"தெரியலை."

"தெரியாமயே ஏறி குந்திகினீங்களா? என் குதிரைக்கு இன்னிக்கி மலைதான் தெரியும்."

மலைப் படியெல்லாம் பம்பை மேளம், அரோகரா. ஒரு காவடிக்காரர் சாமி வந்து துள்ளினார். பின்னால் ஒருவர் அவர் இடுப்புத் துண்டைப் பிடித்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்த பாவாவுக்கு உடம்பு நடுங்கியது. தப்பு பண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். நானும் அவர் துண்டைப் பிடித்தேன். அதைப் பார்த்து, இவருக்கும் சாமி வந்துவிட்டது என்று ஜனம் கூடிவிட்டது. ஒரு அம்மா கற்பூரம் காட்டினாள்.

"சாமி, என் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆவும்?"

பாவா அவளையே பார்த்தார்.

"நான் சாமி இல்லம்மா. பொதட்டூர்பேட்டை. என் பையன் செத்துட்டான்."

அந்த அம்மா கற்பூரத்தைக் கீழே வைத்தாள். "குந்துங்க நைனா," என்று படியில் இடம் விட்டாள். பாவா அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு மொட்டை போட்டார்.

திரும்ப பஸ். மருந்து இத்தனை நாள் கழித்து வேலை செய்ததா, மலை செய்ததா, என் மண்டைக்கு எட்டவில்லை. டாக்டரிடம் எதைச் சொல்வது? பாவாவையே கேட்டேன்.

"எனக்கின்னாடா தெரியும். மொதல்ல துண்ட வுடு."

வீட்டுக்குள் போகும்போது விளக்கு வைத்திருந்தார்கள். அக்கா எங்கள் இருவருக்கும் தட்டு வைத்தாள். வழக்கம்போல இன்னொன்றையும் எடுத்தாள்.

பாவா தட்டைப் பார்த்தார்.

"அது உனக்கு. குந்து," என்றார்.